கிளாரா ஓகாய் எழுத்துக் கூட்டிய வருஷம்

தொண்ணூற்றோராம் வருஷம், பருத்தி எடுப்பு முடிந்த கையோடு, உஸ்பெகிஸ்தானில் எங்கள் கூட்டுப்பண்ணை கிளப்பில் கொரிய மொழி வகுப்பு ஆரம்பித்தார்கள். அந்தக் கிளப் இன்றைக்குக் கல்யாண மண்டபம். வாசலில் பிளாஸ்டிக் அன்னம் இரண்டு நிற்கின்றன. உள்ளே போனால் காது கிழியப் பாட்டு. அன்றைக்கு அங்கே சினிமாத் திரை தொங்கும். திரைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு இரும்பு அடுப்பு, இருபது நாற்காலி. சனிக்கிழமை மத்தியானம் அந்த நாற்காலிகளில் நரைத்த தலையோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிய கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

முன்வரிசையில் உட்கார்ந்தவள் கிளாரா ஓகாய். வயது நாற்பத்தொன்பது. இருபத்தேழு வருஷமாக எங்கள் பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி சொல்லிக்கொடுப்பவள். ஊரில் எவன் ஒரு மனுவைப் பிழையில்லாமல் எழுதினாலும் அது கிளாராவிடம் குட்டு வாங்கிப் படித்ததாகத்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால்கூடச் சிவப்புப் பேனாவால் கால்புள்ளி போட்டுத் திருப்பித் தருகிற ஆள். பின்வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவளுடைய பழைய மாணவர்கள். அதில் டிராக்டர் ஓட்டும் மொய்செய், ஐந்தாம் வகுப்பை அவளிடம் இரண்டு தடவை படித்தவன். பழி தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல நாள் அவனுக்கு வருமா?

"டீச்சர், பென்சில் சீவிட்டு வந்தீங்களா? இல்லேன்னா மூலையில நிக்க வைப்பாங்களாம்."

"நீ முதல்ல மூக்கைச் சிந்திட்டு வந்தியான்னு பாரு, மொய்செய். முப்பத்தேழு வயசாச்சு."

பாடம் சொல்ல வந்தவள் மிஜோங், சியோலிலிருந்து வந்த இருபத்தாறு வயதுப் பெண். எங்களுக்குக் கொரிய மொழி தெரியவே தெரியாது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள் பாவம். உப்பு, கரண்டி, வா, உட்கார், தின்னு, தொலை என்று அடுப்படிக்கு வேண்டியது அத்தனையும் எங்களுக்குத் தெரியும். தாத்தன்மார் கொரியாவின் வடக்கே ஹம்கியோங் பக்கத்திலிருந்து ஆற்றைக் கடந்து ரஷ்யாவுக்குக் கொண்டுவந்த பேச்சு அது. முப்பத்தேழாம் வருஷம் சோவியத் சர்க்கார் எங்கள் சனத்தைச் சரக்கு ரயிலில் ஏற்றி உஸ்பெகிஸ்தானில் இறக்கிவிட்டபோது, மூட்டை முடிச்சோடு அதுவும் இறங்கியது. வீட்டில் பெரியவர்கள் அதில் திட்டுவார்கள், பிள்ளைகள் ரஷ்ய மொழியில் பதில் சொல்லும். முப்பத்தெட்டில் கொரியப் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள்; எழுத்துதான் எங்கள் தலைமுறையில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. முதல் நாள் மொய்செய் எழுந்து நின்று தன்னைப் பற்றி நாலு வாக்கியம் சொன்னதும், மிஜோங் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதீங்க ஐயா. செத்துப்போன எங்க கொள்ளுத்தாத்தா எழுந்து வந்து பேசுற மாதிரி இருக்கு."

"பரவால்லம்மா. அவருக்கும் சேர்த்து ஒரு டீ போடுங்க" என்றான் மொய்செய்.

வகுப்புக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு கணக்கு இருந்தது. மருந்துக்கடை ரோஸாவுக்கு சியோலில் போய் ஏவாரம் பண்ண வேண்டும். மொய்செய்க்கு அங்கே தொழிற்சாலை வேலை கிடைக்கும் என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள். (கிடைக்கத்தான் செய்தது. பதினைந்து வருஷம் கழித்துப் போனான், அங்கேயே வீடு வாங்கிவிட்டான்.) கிளாரா ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. டீச்சர்மாருக்கு எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வியாதி உண்டு, அதுதான் என்று விட்டுவிட்டார்கள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவளுடைய அப்பாவின் கல்லைப் படிக்க வேண்டும்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் பழைய கல்லறைத் தோட்டத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு சிமெண்டுக் கல். சிமெண்டு ஈரமாக இருந்தபோது யாரோ ஆணியால் கீறிய மூன்று கொரிய எழுத்து, கீழே 1942 என்று வருஷம். அப்பா ஓ தோக்மான் மலேரியாவில் செத்தபோது கிளாரா ஆறு மாசக் கைக்குழந்தை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். முகம் தெரியாது, குரல் தெரியாது, போட்டோ கிடையாது. இந்த உலகத்தில் அப்பா என்று அவளுக்கு இருந்தது அந்த மூன்று எழுத்துதான். வருஷா வருஷம் ஏப்ரல் ஐந்தாம் தேதி, ஹான்சிக் அன்று, ஊரே கூடையில் சோறும் வேகவைத்த கோழியும் வோட்காவும் எடுத்துக்கொண்டு அவரவர் கல்லறைக்குப் போகும். கிளாராவும் போவாள். புல் பிடுங்குவாள், வோட்கா ஊற்றுவாள், அண்ணன் திரோஃபிமோடு சேர்ந்து விழுந்து கும்பிடுவாள். எழுந்திருக்கும்போது அந்த எழுத்துகள் நேரே கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள் பெற்ற அப்பனின் பெயரைப் படிக்கத் தெரியாமல் மண்டிபோட்டுக் கிடப்பாள். அவளுக்கு அது அவமானமாக இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் குளிர்காலம்தான் எவ்வளவு நன்றாக இருந்தது! சோவியத் யூனியன் உடைந்துகொண்டிருந்தது. கடையில் சர்க்கரை இல்லை, சோப்பு இல்லை. ரேடியோவைத் திருப்பினால் கெட்ட சேதிதான். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் கிளப்பின் பின்னறையில் அடுப்பு எரியும். ஈரக் கோட்டுகள் அடுப்போரம் ஆவி விட்டுக்கொண்டு கிடக்கும். யாராவது ஜாடியில் காரட் ஊறுகாய் கொண்டுவருவார்கள். மிஜோங் அதை வாழ்நாளில் பார்த்ததில்லை; முட்டைக்கோஸ் கிடைக்காத ஊரில் எங்கள் ஆட்கள் காரட்டை வைத்துச் சமாளித்த வித்தை அது என்று தெரிந்ததும், ஜாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். இருபது பேரும் கோரஸாக எழுத்துச் சொல்லுவோம். நாற்பது ஐம்பது வயதில் ஒரு எழுத்து பிடிபட்டால் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது குழந்தைகளுக்குக் கிடையாது.

மூன்றாவது வாரம் அவரவர் பெயர் எழுதச் சொன்னாள் மிஜோங்.

"உங்க குடும்பப் பேர் வெறும் 'ஓ' தாங்கம்மா. இந்தக் 'காய்' எங்கேருந்து வந்து ஒட்டிக்கிச்சு?"

"அது ரஷ்யக் குமாஸ்தா வச்ச வாலு. தாத்தா காலத்துல ஒட்டினது" என்றாள் கிளாரா.

ஒரு வட்டம், அதன் அடியில் குட்டையாக ஒரு கோடு, அதற்கும் கீழே படுத்தபடி ஒரு கோடு. அதுதான் ஓ. கிளாரா அதை ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். அப்புறம் அப்பாவின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டு, தோக்மான் என்பதை மூன்று பக்கம் எழுதினாள். கல்லறைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று கால் பரபரத்தது. ஆனால் ஹான்சிக் வராமல் கல்லறைப் பக்கம் கால் வைப்பது எங்கள் வழக்கமில்லை. வேளைகெட்ட வேளையில் போய் இறந்தவர்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்பார்கள். புல் பிடுங்குவதோ கல்லைத் தொடுவதோ எதுவாக இருந்தாலும் அன்று ஒரு நாள்தான், அதுவும் உச்சிவேளைக்குள். ஆகவே ஏப்ரலுக்காகக் காத்திருந்தாள்.

அம்மா போக்சுனி கிளாராவோடுதான் இருந்தாள். முறைப்படி மகன் வீட்டில் இருக்க வேண்டியவள்; மருமகளோடு ஒரு அடுப்பு ஒத்துவரவில்லை. எழுபத்திரண்டு வயதிலும் வாசல் தோட்டம் முழுக்க அவள் கைதான். கிளாராவின் கணவன் வலேரி, வெங்காயம் பயிர் பண்ண பிப்ரவரியிலேயே உக்ரைன் பக்கம் போய்விட்டதால் வீட்டில் தாயும் மகளும் மட்டும். ஒரு நாள் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருக்க, கிளாரா எதிரே உட்கார்ந்து சத்தமாக எழுத்துக் கூட்டினாள். ஒரு இடத்தில் நாக்கு மாட்டிக்கொண்டது.

"அம்மா, இதை எப்படிச் சொல்றது, பாரேன்."

"எனக்கு எங்கடி எழுத்து தெரியும்? கால்வாய் வெட்டினவகிட்ட வந்து எழுத்துக் கேக்குற."

"சும்மா பாரு."

அம்மா பார்க்கவில்லை. பூண்டுத் தோலை ஊதிவிட்டாள். பிறகு தானாகவே கேட்டாள்:

"அந்தப் பொண்ணு எது வரைக்கும் சொல்லிக் குடுத்திருக்கா?"

"பேரெல்லாம் எழுதுவோம், படிப்போம்."

"பேருமா?" என்றாள் அம்மா. பாதி உரித்த பூண்டை அப்படியே அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் மாதம் திரோஃபிம் வந்தான். ஐம்பத்திரண்டு வயது, பண்ணையில் பிரிகேட் என்கிற வேலைக் குழுவுக்கு முன்னாள் தலைவன். இரண்டு வயலுக்கு அப்பால் நிற்கிறவனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, வீட்டுக்குள்ளும் அதே சத்தம்தான்.

"கருங்கல்லுக்குச் சொல்லிட்டேன். பாக் வீட்டுக்காரன் அவங்க அப்பனுக்கு ஆளுயரம் வச்சிருக்கான். நம்ம அப்பா மட்டும் சிமெண்டுல கிடக்கணுமா? பழசை உடைச்சுப் போட்டுட்டு இந்த ஹான்சிக்குக்குப் புதுசு வைக்கிறோம். அம்மாவுக்கும் பக்கத்துல இடம் விட்டு வேலி போடுறேன்."

"பழசை உடைக்காத" என்றாள் அம்மா.

"ஏம்மா? பாசி பிடிச்சுக் கிடக்கு."

"உடைக்காதன்னா உடைக்காத."

"நீ சும்மா இரும்மா. கிளாரா, கல்லு கொத்துறவர் உஸ்பெக்காரர். நீ பேப்பர்ல எழுதிக் குடுத்தா அச்சா அப்படியே இறக்கிடுவார். போய்ப் பழைய கல்லைப் பார்த்து ஒரு எழுத்து பிசகாம எழுதிட்டு வா. இத்தனை மாசம் படிச்சதுக்கு ஒரு பிரயோஜனம் வேணும்ல."

கிளாராவுக்குத் தலைகால் புரியவில்லை. ஹான்சிக்குக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஆனாலும் வேலை நிமித்தம் போகிறவளை அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாதாமி மரங்கள் பூத்திருந்தன. கால்வாய்ப் பாதையில் சேறு. கல்லறைத் தோட்டத்தில் ஈ காக்கை இல்லை.

கல்லுக்கு முன்னால் மண்டிபோட்டு, கொண்டுபோன பிரஷால் பாசியைத் தேய்த்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வட்டத்தைத் தேடினாள். முதல் எழுத்தில் வட்டம் இல்லை.

தான்தான் தப்பாகப் படிக்கிறோம் என்று முதலில் நினைத்தாள். மாணவர்களின் விடைத்தாளைத் திருத்துவதுபோல ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள். லிம் மூன்கில். மூன்று தடவை படித்தாலும் லிம் மூன்கில்தான்.

பக்கத்துக் கல்லுக்கு ஓடினாள். அது கிம் என்று ஆரம்பித்தது. அதற்கு அடுத்தது ட்யான். சேற்றில் வழுக்கி வழுக்கி அந்தப் பழைய வரிசை முழுக்கப் படித்துக்கொண்டே போனாள். பாதிக் கல்லில் எழுத்து தேய்ந்திருந்தது, அதையும் விரலால் தடவித் தடவிப் படித்தாள். நாற்பது பேரைப் படித்திருப்பாள். வகுப்புக்கு வெளியே அவள் படித்த முதல் கொரிய எழுத்து அதுதான். ஓ தோக்மான் எங்கேயும் இல்லை.

கிளாரா ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தைந்து ஹான்சிக், யாரோ ஒரு ஊரானுக்கு விழுந்து கும்பிட்டிருக்கிறார்கள். எழுத்துத் தெரியாத அம்மாவுக்கு எந்தப் பாவியோ தவறான கல்லைக் காட்டியிருக்கிறான் என்று நினைத்தாள். அவன் மட்டும் கையில் கிடைத்தால் சும்மா விட்டிருக்க மாட்டாள். அதற்கப்புறம்தான் அம்மாவின் நினைப்பு வந்தது. தனக்கு அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் இடம் என்று இருக்கிற எழுபத்திரண்டு வயது மனுஷியிடம், அது உன் புருஷன் இல்லை என்று எப்படிச் சொல்வது?

சொல்லாமல் இருக்கவும் வழி இருந்தது. பேப்பரில் ஓ தோக்மான் என்று எழுதிக் கொடுத்தால் போதும். கல்தச்சருக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியாது, ஊரில் படிக்கிறவர்கள் எங்கள் வகுப்பு இருபது பேரும் சில கிழங்களும்தான். பழைய கல் உடைந்ததும் லிம் மூன்கில் என்று ஒருத்தன் இருந்ததற்கு அடையாளமே இருக்காது. இரண்டு நாள் அதே யோசனை. பள்ளிக்கூடத்தில் ஒரு பையனின் கட்டுரையில் ஒரு பிழையைக்கூடத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்தாள்; அவன் பயந்துபோய் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். திரோஃபிம் வேறு தினம் வந்து, "எழுதிட்டியா, எழுதிட்டியா" என்று உயிரை எடுத்தான். மூன்றாம் நாள் மத்தியானம் முற்றத்து மேஜையில் பெரிய தாளை விரித்து, ஓ தோக்மான் என்று பெரிதாக எழுதினாள். எழுதியும் மனம் ஆறவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கல்லறைக்குப் போனியா?"

"போனேன்."

"பாசியைத் தேய்ச்சியா?"

"தேய்ச்சேன்மா."

"லிம் மூன்கில்" என்றாள் அம்மா.

கிளாரா பேயறைந்தவள்போலப் பார்த்தாள்.

"அந்தாளு யாருன்னு எனக்கும் தெரியாது. கால்வாய் வெட்ட வந்தவனாம். ரயில்லயே குடும்பம் போயிடுச்சாம். சொந்தம்னு ஒருத்தரும் இல்லாம செத்தான்னு பிற்பாடு கேள்விப்பட்டேன்."

"அப்ப அப்பா எங்கம்மா?"

"எனக்கென்ன தெரியும்? சுரங்கத்துல ஆள் வேணும்னு கூட்டிட்டுப் போனாங்க. நாப்பத்து மூணு, பிப்ரவரி. ரஷ்யாவுல துலா பக்கம்னாங்க. ரெண்டு கடுதாசி வந்துச்சு, கொரிய எழுத்துல. அப்ப கொரிய எழுத்து வீட்டுல இருந்தாலே பயம், படிச்சுட்டு அடுப்புல போட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. செத்துட்டார்னும் யாரும் சொல்லல, இருக்கார்னும் சொல்லல."

அம்மா மேஜையைக் கையால் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"உங்கண்ணனுக்கு ஆறு வயசு. ஹான்சிக் அன்னிக்கு எல்லாரும் கூடையத் தூக்கிட்டுப் போறாங்க, நாம வீட்டுல இருக்கோம். இவன் எனக்குத் தெரியாம ஓடிப்போய் யார் வீட்டுக் கல்லறையிலயோ படைச்ச முட்டைக்குக் கையை நீட்டியிருக்கான். 'உங்கப்பன்கிட்டப் போய் வாங்கிக்கடா'ன்னு விரட்டிவிட்டுட்டா அந்த வீட்டுக்காரி. வந்து வாசல்ல நின்னு, என் அப்பா எங்கன்னு கேக்குறான். நான் என்னத்தைச் சொல்ல? அடுத்த வருஷம் நானே போய்த் தேடினேன். எந்தக் கல்லுல புல்லு ஆளுயரம் வளர்ந்து கிடக்கு, யாரு வரதில்லேன்னு பார்த்தேன். இவன் கிடைச்சான்."

"ஊர்ல தெரியாதா?"

"பெருசுங்களுக்குத் தெரியும். ஒருத்தர் வாயைத் தொறக்கல. நல்ல சனங்க." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "முதல் கோப்பை ஊத்தறப்பவே அவன்கிட்டச் சொல்லிட்டேன். தம்பி, உனக்குப் பிள்ளை இல்ல, என் பிள்ளைங்களுக்கு அப்பா இல்ல. கொஞ்ச நாளைக்கு நீ இருந்துக்கோ. அவர் வந்ததும் உன்னை விட்டுடுறோம்னு."

கிளாராவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் அம்மா அந்தக் கல்லுக்கு முன்னால் மண்டிபோட்டு அவள் பார்த்ததே இல்லை. முட்டி வலிக்கிறது என்று ஒதுங்கி நின்றுவிடுவாள். முப்பது வயதிலும் முட்டி வலி. "அப்ப அந்த முட்டி வலி?" என்றாள்.

"முட்டிக்கு என்ன கேடு?" என்றாள் அம்மா. "உயிரோட இருக்கிறவருக்குக் கும்பிடு போட்டு, அதனாலயே அவர் வராமப் போயிட்டா? நான் எப்படிடி கும்பிடுவேன்?"

இரண்டு பேரும் அழுதார்கள். பக்கத்து வீட்டுக் கோழி வேலியைத் தாண்டி வந்து வெங்காயப் பாத்தியைக் கிளறிக்கொண்டிருந்தது; விரட்ட ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"எழுத்து தெரியும்னு ஏம்மா ஒரு நாளும் சொல்லல?" என்று கடைசியில் கேட்டாள் கிளாரா.

"தெரியும்னு சொன்னா, கல்லுல என்ன எழுதியிருக்கு படிச்சுக் காட்டுன்னு கேட்டிருப்பீங்களே. ஏழு வருஷம் படிச்சவ நான். கிளாஸ்ல முதல். கொரியப் பத்திரிகை வருமில்ல, அதுல மீன் சுத்துவேன். சுத்தறப்ப ஓரக்கண்ணால ரெண்டு வரி படிச்சுக்குவேன். அவ்வளவுதான்."

பிறகு அம்மா மேஜையில் கிடந்த தாளைத் தன் பக்கம் திருப்பினாள். முகத்தைச் சுளித்தாள்.

"இது என்னடி, கோழி கிளறின மாதிரி? வட்டம் ஒரு பக்கம் சாயுது. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

இருபத்தேழு வருஷமாக ஊரார் கையெழுத்தைத் திருத்தியவள், பேனாவை அம்மா கையில் கொடுத்தாள். அம்மா தாளின் மறுபக்கத்தைத் திருப்பிக்கொண்டாள். லிம் மூன்கில் என்று மேலே எழுதினாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, கீழே ஓ தோக்மான் என்று எழுதினாள். பதினேழு வயதுப் பெண்ணின் கையெழுத்து அது. பள்ளிக்கூடத்தில் அழுத்தி அழுத்திப் பழக்கிய, மணிமணியான கையெழுத்து. கிளாரா தன் வாழ்நாளில் அவ்வளவு அழகான எழுத்தைப் பார்த்ததில்லை. அப்பாவைத் தெரிந்த ஒருவரின் கையெழுத்தில் அவர் பெயரை அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகப் படித்தாள்.

"ரெண்டு பேர் பேரும் இருக்கட்டும். பழசை உடைச்சா அவன் எங்கே போவான்?" என்றாள் அம்மா. "ரஷ்ய எழுத்து வேண்டாம். ரெண்டு பேருக்கும் அது படிக்கத் தெரியாது. என்னையும் அங்கேயே போடுங்க. உங்கப்பா எப்பவாவது தேடிட்டு வந்தா, கண்டுபிடிக்க ஒரு இடம் வேணுமே."

அண்ணனிடம் சொல்லும் வேலை கிளாராவின் தலையில் விழுந்தது. அவன் தன் வீட்டுக் கொட்டகையில் வேலிக் கம்பிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டு முகம் சிவந்து நின்றான். ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு கத்தல் வரப்போகிறது என்று கிளாரா தயாரானாள்.

"நாப்பத்தஞ்சு வருஷமா என் வோட்காவைக் குடிச்சிருக்கான் அந்தாளு" என்றான் திரோஃபிம். கத்தவில்லை. உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தான். பிரஷிலிருந்து பெயிண்ட் பூட்ஸில் சொட்டியது, கவனிக்கவில்லை. "அந்த முட்டை விஷயம் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றான். "அம்மாவுக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

கல்தச்சர் அம்மாவின் எழுத்தை ஒரு இழை பிசகாமல் கருங்கல்லில் இறக்கிவிட்டார். ஹான்சிக் அன்று விடியற்காலையில் அதை நட்டு, பழைய சிமெண்டுக் கல்லை அதன் காலடியில் படுக்கவைத்துப் பதித்தார்கள். எட்டு மணிக்கெல்லாம் கூடையோடு போய்விட்டோம், ஊரில் பாதிப் பேர் கூடவே. மொய்செய் கல்லுக்கு முன்னால் நின்று, ஆறு எழுத்தையும் கூட்டிக் கூட்டி, பிழையில்லாமல் படித்தான். அன்றைக்குக் கிளாரா டீச்சர் அவனை ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா இரண்டு கோப்பை வைக்கச் சொன்னாள். இரண்டிலும் வோட்கா ஊற்றினாள். யாராவது பிடிக்கப் போவதற்குள், தானாகவே மண்ணில் கைகளை ஊன்றி மண்டிபோட்டாள்.

"எழுபத்தேழு வயசாச்சு உங்களுக்கு. இனிமே கோவிச்சுக்க மாட்டீங்க" என்று கல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நெற்றி புல்லில் படக் கும்பிட்டாள். மூன்று தடவை கும்பிட்டாள். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

அடுத்தது மகன் முறை. திரோஃபிம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தான். மண்டிபோட்டான். குனியாமல் கல்லையே மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் தலையைத் திருப்பி, யாருக்கும் கேட்காத குரலில் தங்கையைக் கூப்பிட்டான். அந்தத் தொண்டையில் அவ்வளவு சின்னக் குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கிளாரா, இதுல எது அப்பா?"

கிளாரா அவன் பக்கத்தில் மண்டிபோட்டு, அவன் கையைப் பிடித்துக் கீழ் வரியில் வைத்தாள்.